சம்பளம் வேறு, சீர் வேறு

தம்பி,

கவரைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. எனக்கு ஒன்றும் இல்லை. கால் புண் ஆறிக்கொண்டு வருகிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் வருகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். காது மந்தமான பிறகு நான் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறேன். இந்த அறையில் நான் உன்னோடு பேசுவது உன் அக்காவின் அடுப்படிவரை கேட்கும். அவள் காதில் விழக்கூடாத விஷயம் இது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் லீவு எடுத்துக்கொண்டு வெளியே போகிற நேரத்தில் எழுதுகிறேன். மாப்பிள்ளை எனக்குக் காவலாக டிவி முன்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்த கை, பேனா பிடிக்க இவ்வளவு அடம் பண்ணும் என்று நினைக்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பொங்கல் முடிந்ததும் உன் அக்கா செல்வி என்னைப் பார்த்துக்கொள்ளும் வேலையை விட்டுவிட்டு, பழைய ஜவுளிக்கடைக்கே திரும்பப் போகிறாள். கடையில் பேசி முடித்துவிட்டாள். உன்னிடம் இன்னும் சொல்லவில்லை, என்னிடம் சொல்லிவிட்டாள். நீ உடனே சம்பளம் போதவில்லையோ என்று நினைப்பாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது இல்லை. இதற்குக் காரணம் நான். கொஞ்சம் நீயும்.

போன வருஷம் ஆடியில் விழுப்புரம் வீட்டு பாத்ரூமில் நான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. உன் அம்மா போன பிறகு தனியாக ராஜா மாதிரி இருந்தவன், ஒரு வாளித் தண்ணீரில் கவிழ்ந்தேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீ ஒரு ஹோம் நர்ஸை வைத்தாய். ஒன்பதாம் நாள் போய்விட்டது அந்தப் பெண். அடுத்து வந்தவள் நான் கத்திய கத்தலில் நான்காம் நாளே பையைத் தூக்கிவிட்டாள். பிறகுதான் என்னைத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து செல்வி வீட்டு முன்னறையில் போட்டீர்கள். அன்றைக்கு நீ அவளிடம், "கடையில் வாங்குகிற சம்பளத்தை மாசாமாசம் நான் தருகிறேன், அப்பாவைப் பார்த்துக்கொள்" என்று சொன்னபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பெற்ற மகள் தண்ணீர் கொடுக்கக் கூலியா என்று. விக்கிரவாண்டியில் ஒரு கல்யாணத்தில் நம் சொந்தக்காரர்கள் இதைப் பற்றித்தான் பந்தியில் பேசிக்கொண்டார்களாம். ஆனால் செல்வி கொஞ்சமும் தயங்கவில்லை.

"நான் கடைக்குப் போவலன்னா என் வூட்ல உல கொதிக்கணும்ல தம்பி. குடு, வாங்கிக்கிறேன். ஞாயித்துக்கெழம மத்தியானம் மட்டும் எனக்கு லீவு வேணும்" என்றாள்.

அது எனக்குப் பிடித்திருந்தது. மூடி மறைக்காமல் கேட்டாள், நீயும் மூக்கால் அழாமல் கொடுத்தாய். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சம்பளம் கொடுத்ததே தப்பு என்று நீ முடிவு கட்டிவிடக்கூடாது. அது சரிதான். பதினொரு வருஷம் சேலைப் பிரிவில் நின்று சம்பாதித்தவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, பாசம் பாசம் என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கியிருந்தால் அதுதான் அயோக்கியத்தனம். எனக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. சும்மா செய்கிறவளிடம் கால் நகம் வெட்டிவிடச் சொல்ல வாய் வராது. சம்பளம் வாங்குகிறவளிடம் வந்தது. புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சோற்றைத் தின்கிறோமே என்ற கூச்சமும் பாதி குறைந்தது.

உனக்கு உன் சித்தியைப் பற்றி ஒரு விஷயம் தெரியாது. பனமலையில் உன் தாத்தா படுத்த படுக்கையாக மூன்று வருஷம் கிடந்தபோது பார்த்துக்கொண்டது என் தம்பி பெண்சாதிதான். களையெடுப்புக்கும் மல்லாட்டைச் செடி பிடுங்கவும் போய் நாலு காசு பார்த்துக்கொண்டிருந்தவள், அவருக்காக அதையெல்லாம் நிறுத்திவிட்டாள். நான் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். ஊரெல்லாம் அவளை மகாலட்சுமி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. காரியத்தன்று பந்தல் நிறைய ஆள் இருக்கும்போது, "வேளாவேளைக்குச் சரியா பாத்திருந்தா கெழவன் இன்னும் ரெண்டு வருசம் கெடந்திருப்பாரு" என்று என் வாயால் சொன்னேன். அவள் படையல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அவள் என் வாசலை மிதிக்கவில்லை. சித்தி ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீயும் அக்காவும் கேட்டபோதெல்லாம் அவளுக்குத் திமிர் என்று சொல்லி வைத்தேன். திமிர் என்னுடையது. நீ சம்பளப் பேச்சை எடுத்தபோது நான் கடைசியில் ஒத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். காசு கொடுத்துவிட்டால் இந்த மாதிரி பாவம் சேராது என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கு தப்பு. சும்மா செய்தவளிடம் குறை கண்டுபிடித்த அதே வாய், சம்பளம் வாங்குகிறவளிடமும் குறை கண்டுபிடித்தது. நீ எனக்கு ஒரு காலிங் பெல் வாங்கிக் கொடுத்தாயே, தலையணை பக்கத்தில் அமுக்கினால் அடுப்படியில் அடிக்கிற மாதிரி. ராத்திரி பாத்ரூம் போக வேண்டும் என்றால் அமுக்கச் சொன்னாய். நான் ஃபேனைக் குறைக்க அமுக்கினேன், பேப்பர் கீழே விழுந்தால் அமுக்கினேன், டீயில் சர்க்கரை இல்லாததற்கு அமுக்கினேன். எனக்குச் சர்க்கரை போடக்கூடாது என்பது எனக்கே தெரியும், இருந்தும் அமுக்கினேன். கண்டக்டர் புத்தி எங்கே போகும். ஒரு பெல் அடித்தால் வண்டி நிற்க வேண்டும். அவள் மாவுக் கையோடு ஓடி வருவாள். பிறகு உனக்குப் போன் போட்டு, டிபன் எட்டரைக்கு வந்தது, மாத்திரை ஒன்பதுக்கு வந்தது என்று ரிப்போர்ட் கொடுப்பேன். நீ பாவம், "அக்காகிட்ட சொல்றேம்ப்பா" என்பாய். ஒரு நாளாவது, "யோவ், அது உன் பொண்ணுய்யா" என்று நீ என்னை அதட்டியிருக்கலாம். எனக்கு அது தேவைப்பட்டது.

இப்போது போன பொங்கலுக்கு வருகிறேன். மார்கழிக் கடைசியில் நீ போன் பண்ணி, உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றும், அக்காவுக்குப் பொங்கல் சீர் எப்படிச் செய்வது என்றும் கேட்டாய். நீ கேட்டாய் என்பதை நான் மறக்கவில்லை. நான்தான், "அதான் மாசாமாசம் போவுதே, சீரு வேற எதுக்கு? அவளும் இங்கதான் இருக்கா, நானும் இங்கதான் இருக்கேன், யாரு யாருக்கு எடுத்தாந்து குடுக்கறது?" என்றேன். உன் செலவை மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக எனக்குப் பெருமை வேறு. நீ என்னைவிட நல்லவன், சும்மா விட மனசில்லாமல் அவள் அக்கவுண்டில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டு, "பொங்கல் போனஸ் போட்டிருக்கேன் அக்கா" என்று சொன்னாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். அந்த வார்த்தை ஸ்பீக்கரில் வந்தபோது அவள் எனக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "சரி தம்பி" என்றாள். துண்டைப் பிடித்த கை மட்டும் கொஞ்ச நேரம் என் தலையில் அப்படியே இருந்தது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

உன் அம்மா இருந்திருந்தால் இது நடந்திருக்காது. நீ ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் டெப்போவில் வேலைநிறுத்தம், இரண்டு மாசம் சம்பளம் இல்லை. செல்விக்குக் கல்யாணம் ஆகி இரண்டாவது பொங்கல். இந்த வருஷம் சீர் வேண்டாம், அடுத்த வருஷம் சேர்த்துச் செய்யலாம் என்று நான் சொன்னேன். உன் அம்மா எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு கரும்பை வாங்கிக் குறுக்கே வெட்டி நான்காகக் கட்டி வைத்திருக்கிறாள். கூடவே ஒரு படி பச்சரிசி, ஒரு அச்சு வெல்லம், ஒரு மஞ்சள் கொத்து. அவ்வளவுதான். இதைத் தூக்கிக்கொண்டு போனால் சம்பந்தி வீட்டில் சிரிப்பார்கள் என்றேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும். ரெண்டு கரும்பா இருந்தாலும் அவ வாசல்ல போயி எறங்கணுங்க. எனக்கு ஒரு பொறந்த வூடு இருக்குதுன்னு அவ தெரு பாக்கணும்" என்றாள்.

நான் அதைப் பொம்பளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். இப்போது யோசித்துப் பார். விழுப்புரம் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. அம்மா இல்லை. அவளுடைய பிறந்த வீட்டில் மிச்சம் இருப்பது அவள் வீட்டு முன்னறையிலேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு பெல் அடிக்கிற நான் ஒருவன். அவளுக்குப் பிறந்த வீடு என்று வெளியிலிருந்து வர வேண்டியது நீ ஒருவன்தான். அந்த ஒருவனையும் சீர் வேண்டாம் என்று சொல்லி நிறுத்தியது நான்.

போன போகியன்று நடந்ததைக் கேள். என் கட்டிலுக்கு நேராக ஜன்னல், ஜன்னலுக்கு நேராகத் தெரு. காலையிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கரும்பு இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண் இரண்டு முறை வந்து, உங்க வூட்டு சீர் இன்னும் வரலையா என்று கேட்டுவிட்டுப் போனாள். மதியம் மாப்பிள்ளையின் மினி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. காய்கறி மூட்டை ஏற்றுகிற வேன்தான், அன்றைக்கு அதிலிருந்து ஒரு கட்டுக் கரும்பு இறங்கியது, புதுப் பானை இறங்கியது, மஞ்சள் கொத்து, பூசணிக்காய், துணிப்பை எல்லாம் இறங்கியது. எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்து பார்த்தாள். செல்வி தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தம்பி ஒசூர்ல இருந்து குடுத்து அனுப்பி இருக்குது. லீவு கெடைக்கலயாம். இவரு பஸ் ஸ்டாண்டுக்குப் போயி எறக்கிக்கினு வர்றாரு."

நீ போட்ட போனஸில் அவளே வாங்கியது. சேலை அவள் வேலை பார்த்த அதே கடைச் சேலை, பையிலேயே கடை பெயர் இருந்தது. மாப்பிள்ளை ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றாரே, அந்த மனுஷனை நான் இத்தனை நாள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பரவாயில்லை, போனஸ் பணம் நல்ல வழியில்தான் செலவாகியிருக்கிறது என்று தோன்றியது. வெட்கத்தை விட்டு இதை உனக்கு எழுதுகிறேன். மறுநாள் பொங்கல் நன்றாக இருந்தது என்று சொல்லி இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதோடு போயிருக்கும். அவள் விட்டுவிட்டாள் என்றுதான் இருந்தேன். இந்தக் கார்த்திகையில் நீ போன் பண்ணி இந்த வருஷம் பொங்கலுக்கு என்ன செய்வது என்று கேட்டாய். நான், "போன வருசம் மாதிரி போனஸ் போட்டுடு, சீரெல்லாம் வேணாம். சம்பளம் வாங்குறவளுக்கு எத்தினி தடவ குடுக்கறது? மாத்திரையே இப்பல்லாம் லேட்டாத்தான் வருது" என்றேன். நீ சிரித்தாய். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அவள் வாசற்படியில் வெந்நீர் பேசினோடு நிற்கிறாள். உள்ளே வந்தாள், உட்கார்ந்தாள், புண்ணைக் கழுவினாள், மருந்து வைத்தாள், என்றைக்கும்விட நிதானமாகக் கட்டு கட்டினாள். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டவள். அன்று சாயங்காலம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசினாள்.

"வேலைக்குச் சம்பளம் வாங்குறேன், அதுல எனக்கு வெக்கம் இல்லீங்கப்பா. மாத்திர லேட்டானா கேளுங்க, கேக்க வேண்டியதுதான். ஆனா உங்களுக்குப் பொண்ணுன்னு ஒருத்தி இருந்தாளே, அவள எந்த மாசத்துல இருந்து நிறுத்துனீங்க? அத மட்டும் என்கிட்ட யாருமே சொல்லல."

டீ ஆறிப்போனது. பிறகு அவள், தை பிறந்ததும் கடையில் மறுபடி சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள் என்றும், பொங்கல் நாளில் உன் மனசைக் கெடுக்க வேண்டாம், அது கழிந்ததும் உன்னிடம் தானே சொல்வதாகவும், அதுவரை எனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன் என்றும் சொன்னாள். சொன்னபடியே நடந்துகொள்கிறாள். மாத்திரை எட்டு மணி என்றால் எட்டு மணி. பெல் அடித்தால் "சொல்லுங்க" என்று வந்து நிற்கிறாள். நான் பெல்லை எடுத்து மேசை டிராயரில் போட்டுவிட்டேன். இருந்தும் அந்த "சொல்லுங்க" போகவில்லை. தம்பி, இடுப்பு உடைந்தபோது நான் அழவில்லை. போன வாரம் அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு, "வேற எதுனா வேணுங்களா" என்று கேட்டபோது அழுதுவிட்டேன். அவள் தண்ணீர் எடுத்துவரப் போன பிறகுதான் அழுதேன், அவள் பார்க்கவில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். எப்படியாவது லீவு போட்டுக்கொண்டு போகியன்று வா. ஒசூரிலிருந்து சீக்கிரமே கிளம்பினால் திருவண்ணாமலை வழியாக மதியத்துக்குள் வந்துவிடலாம். செஞ்சி தாண்டினால் வழியெல்லாம் கரும்பு விற்பார்கள், நல்ல கட்டாகப் பார்த்து வாங்கு. பானை, அரிசி, வெல்லம், மஞ்சள், அவளுக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி. சேலையை அவள் வேலை பார்த்த கடையில் எடுக்காதே. வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுக் கரும்பை உன் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வா, எதிர்வீட்டுப் பெண் பார்க்கட்டும். நேராக என் அறைக்கு வராதே. முதலில் அவள் வீட்டுக்குள் போய், அவள் போட்ட இடத்தில் உட்கார்ந்து, அவள் கையால் ஒரு வாய் சாப்பிடு. நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். முக்கியமாக ஒன்று, சீரைக் கொடுத்துவிட்டு வேலையை விடாதே என்று கேட்டுவிடாதே. அப்படிக் கேட்டால் அது லஞ்சம். அவள் கடைக்குப் போனால் போகட்டும், அது அவள் இஷ்டம். எனக்கு இன்னொரு ஆளைப் பார், இந்தத் தடவை நான் கத்தாமல் இருக்கிறேன். அவள் வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் இருந்தாலும் போனாலும், வருஷா வருஷம் உன் கையால் அவள் வாசலில் கரும்பு இறங்க வேண்டும். சம்பளத்தை எப்போதும் போல ஒன்றாம் தேதி போடு. போனஸ் என்ற வார்த்தையை மட்டும் இனி அவளிடம் எடுக்காதே.

இதுவரை போன ஞாயிற்றுக்கிழமை எழுதியது. இன்றைக்கு முடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தபோது செல்வி சீக்கிரமே திரும்பிவிட்டாள். காகிதத்தை மறைக்க நேரம் இல்லை. தம்பிக்குத்தான் எழுதுகிறேன் என்றேன். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எழுதுங்க. ஆனா சீரப் பத்தி ஒரு எழுத்து எழுதாதீங்க. கேட்டு வாங்கறதுக்குப் பேரு சீரு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அதற்குள் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டிருந்தேன். கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன், கிழிக்கவில்லை. அவள் சொல்வது நியாயம்தான். நான் எழுதி நீ வந்தாய் என்று தெரிந்தால் அவள் அந்தக் கரும்பைத் தொடக்கூட மாட்டாள். அதனால் இந்தக் கடிதம் உனக்கு வரவே இல்லை. நீயாக நினைத்தாய், நீயாக வந்தாய். போன வருஷம் வராமல் போனது நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது, அதனால் இந்த வருஷம் வந்தேன் என்று சொல். அப்பா எதுவும் எழுதினாரா என்று கேட்பாள், கட்டாயம் கேட்பாள். கால் புண் ஆறிவிட்டது, மாத்திரை நேரத்துக்கு வருகிறது என்று எழுதியிருந்தார் என்று சொல். உன் மானத்தைக் காப்பாற்ற அவள் தெருவுக்கே கேட்கும்படி பொய் சொன்னாள். நீ அவள் ஒருத்தியிடம் சொன்னால் போதும்.

மாப்பிள்ளை தபாலில் போட்டுவிடுவார். அவர் பிரித்துப் படிக்க மாட்டார், படித்தாலும் சொல்ல மாட்டார். நீ இதைப் பத்திரப்படுத்தி வைக்காதே. போகியன்று விடியற்காலையில் பழைய பாயோடும் துடைப்பத்தோடும் சேர்த்துக் கொளுத்திவிட்டு, நன்றாக எரிந்து முடிந்ததா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வண்டியை எடு.

அப்பா